இருபத்தேழாம் தொட்டியின் பசி

அன்று மழை பெய்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பெய்தது என்றுதான் இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சையம்மா சோற்றுக் கையோடு அந்தக் கேள்வியைக் கேட்டபோது தகரக் கூரையில் மழை விழும் ஓசை விடாமல் கேட்டது என்பது என் ஞாபகம். பிறகு என்னிடமிருந்த மீன் பண்ணைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் ஒரு தூறல்கூட இல்லை. நான் கேட்டது தொட்டிகளில் காற்றுக் குழாய்கள் விட்ட குமிழிகளின் ஓசையாக இருக்கலாம். மழையில் தவறிய நான் மற்றவற்றிலும் தவறியிருக்கக் கூடும். இதில் வரும் பேச்சுகளை ஓரளவு நம்பலாம். எண்களை நம்ப வேண்டாம். எண்களை நம்பியதால்தான் இதை எழுத நேர்ந்தது.

செங்குன்றத்துக்கு வடக்கே தணிகாசலத்தின் வண்ணமீன் பண்ணை இருந்தது. தகரக் கூரையின் கீழ் அறுபத்துநான்கு சிமென்ட் தொட்டிகள். பெரும்பாலும் ஏஞ்சல் மீன்கள், கொஞ்சம் கப்பி, ஓரத்தில் தங்கமீன்கள். வியாழக்கிழமைதோறும் அங்கிருந்து மீன்கள் பிளாஸ்டிக் பைகளில் விமானம் ஏறின. நான் வேலை பார்த்த நிறுவனம் பசிமானி என்று ஒரு கருவியைச் செய்திருந்தது. அதைப் பொருத்திச் சோதித்துப் பார்க்க என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

மீன் வளர்ப்பில் தீராத சிக்கல் தீனிதான். கூடினால் மிச்சம் அடியில் அழுகித் தண்ணீர் நஞ்சாகும். குறைந்தால் மீன் வளராது, ஒன்றின் துடுப்பை ஒன்று கடிக்கும். மீன் பசிக்கிறது என்று சொல்லாது. சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

அந்தப் பண்ணையில் பத்தொன்பது வருடங்களாகத் தீனி போட்டவர் பச்சையம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவார். தூவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சை விடுவதற்குள் மீன்கள் தின்று முடித்தால் அடுத்த சிட்டிகை. ஒரு குருணை கீழே இறங்கினாலும் நிறுத்திவிடுவார்.

"மீனோட வயிறு அதோட கண்ணு சைஸுதான் தம்பி. நாமதான் நம்ம வயித்த நெனச்சு அள்ளிப் போடறோம்" என்றார் முதல் நாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லாத் தொட்டிக்கும் போட்டு முடிக்கும்வரை அவர் எதுவும் சாப்பிட மாட்டார். பக்தி என்று நினைத்துக் கேட்டேன். சிரித்தார்.

"பக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. சோறு தின்னா கையை சோப்பு போட்டுக் கழுவணும். அந்தக் கையால தீனி தொட்டா மீனு துப்பிடும். அதான், அதுங்களுக்கு முதல்ல. எனக்கு அப்புறம்."

காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஐந்து என்று மூன்று வேளையும் அப்படித்தான். இதை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

தை மாதத்தில் தொட்டிக்கு ஒன்றாகத் தண்ணீருக்குள் உணர்கம்பி இறக்கினேன். மேலே மோட்டார் வைத்த தீனிக் குடுவை. பச்சையம்மாவின் இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை.

"இன்னா தம்பி இது, வளையலா?"

"நீங்க எந்தத் தொட்டி பக்கத்துல நிக்கிறீங்க, எப்போ போடறீங்கன்னு இது பாத்துக்கும்க்கா. மீனோட உடம்புல வர்ற சின்ன அதிர்வை அந்தக் கம்பி கேக்கும். உங்க நாடித்துடிப்பு, வேர்வை, கைச்சூடு எல்லாத்தையும் பட்டை கேக்கும். நல்லா தீனி போடறவங்க 'இப்ப பசிக்குது'ன்னு முடிவு பண்றப்ப என்ன நடக்குதுன்னு ரெண்டையும் சேத்துவெச்சு மெஷினே கத்துக்கும்."

"எங்கிட்டயா? அப்ப அது உருப்பட்டாப்லதான்."

மீன்களைப் பையிலிட்டுக் கட்டும் ஸ்டெல்லா பக்கத்தில் ரப்பர் வளையங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "சார், அக்காகிட்ட கத்துக்கினா உங்க மெஷினு மீனுங்கள கண்டபடி திட்ட ஆரம்பிச்சிடும். பரவாயில்லயா?" என்றார்.

மூன்று மாதம் கற்றது. சித்திரையில் பச்சையம்மாவின் காதில் இயர்போனை மாட்டினேன். அவர் நிற்கும் தொட்டியின் பசி அதில் ஒலியாகக் கேட்கும். பசி கூடினால் ஒலி மேலேறும். ஓர் அளவைத் தாண்டினால் குடுவை தானாகத் தீனி கொட்டும், கொட்டியதும் அந்தத் தொட்டியின் ஒலி கொஞ்சநேரம் அடங்கும்படி வைத்திருந்தேன். அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஒதுக்கித் தள்ள முடியாததாக இருக்கவேண்டும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். ஒல்லியான, இழுத்து இழுத்து வரும் ஒலி. அழுகை என்று சொல்ல முடியாது. அழுகை இல்லை என்றும் சொல்ல முடியாது.

பச்சையம்மா முதல் தொட்டியருகே போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"பேசுது தம்பி" என்றார். "பத்தொம்பது வருசமா நான்தான் இதுங்ககிட்ட பேசினு இருந்தேன்."

முதல் ஆறு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. வீணாகும் தீனி பாதியாகக் குறைந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. தணிகாசலம் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவருதான் மீனுக்கு வாய் குடுத்தவரு" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது.

தொல்லை பேக்கிங் மீன்களால் வந்தது. விமானத்துக்குப் போகும் மீன்களுக்கு இரண்டு நாள் தீனி நிறுத்த வேண்டும். தின்றுவிட்டுப் போனால் பைக்குள்ளேயே கழிந்து, அந்தத் தண்ணீரிலேயே செத்துப்போகும். எல்லாப் பண்ணைகளிலும் உள்ள நடைமுறை இது. பச்சையம்மாவும் பத்தொன்பது வருடங்களாக அதைச் செய்தவர்தான். செவ்வாயும் புதனும் அந்தத் தொட்டிகளின் குடுவைகளை அணைத்து வைத்தேன். ஆகவே மற்றத் தொட்டிகள் அடங்கிய பிறகும் அவை அடங்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டுத் திரும்ப மூடியதைப் பார்த்தேன்.

"ஏன்க்கா?"

"அங்க ஒம்போது தொட்டி கத்தினு இருக்குது. எப்படி எறங்கும்?"

"அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. ரெண்டு நாள்தானே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா முன்னாடி கேக்கலியே."

நான் அடுத்த தொட்டியின் குடுவையைச் சரிபார்க்கப் போனேன்.

செவ்வாய், புதனில் அவர் சாப்பிடுவது நின்றது. பிறகு திங்கட்கிழமையும் சேர்ந்துகொண்டது, நாளை நிறுத்தப் போகிறோமே என்று. ஸ்டெல்லா கேலி செய்து பார்த்தார். "ஏக்கா, நீயும் வியாழக்கெழம கவர்ல ஏறி சிங்கப்பூர் போறியா? சொல்லு, உனக்கு மட்டும் பெரிய கவரா எடுத்து வெக்கறேன்." பச்சையம்மா சிரித்தார். சாப்பிடவில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒலி எல்லாத் தொட்டிகளிலும் ஏறத் தொடங்கியது. குடுவைகள் மூன்று வேளைக்குப் பதில் ஐந்து வேளை, ஆறு வேளை கொட்டின. மீன்கள் தின்றது கொஞ்சம், விட்டது அதிகம். தண்ணீர் கலங்கி நுரைத்தது. ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"சார், தீனி மிச்சமாகும்னு சொன்னீங்க" என்றார் தணிகாசலம். "மூக்க வெச்சிப் பாருங்க, நாறுது. காலைல மட்டும் நாப்பது மீன வாரிக் கொட்டிருக்கேன்."

"மெஷின்படி அதுங்களுக்குப் பசி அதிகமா இருக்கு."

"வயிறு வெடிச்சி சாவறதுக்குப் பேரு பசியா?"

வெயில் மாறியதால் மீன்களின் உடற்சூடு மாறியிருக்கும் என்று ஏதோ சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பச்சையம்மா மோட்டார் அறைக்கு என்னைத் தேடி வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் பட்டை தளர்ந்துவிட்டதால் அதன்மேல் ஒரு ரப்பர் வளையம் சுற்றியிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் வாயேன்."

இருபத்தேழாம் தொட்டியருகே கூட்டிப்போனார். அதிலிருந்த மீன்கள் முந்தின நாள் பேக்கிங்கில் போய்விட்டன. தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அடித்தளம் தெரிந்தது. ஒரு மீனும் இல்லை.

இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். ஒலி உச்சத்தில் இருந்தது.

"ரெண்டு நாளு பட்டினி போட்டு அனுப்பிச்சோம் இல்ல" என்றார் மெதுவாக. "அதுங்க பூட்ச்சி. பசி மட்டும் இங்கயே நின்னுடுச்சி."

பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவர் பயந்த காரணத்தால் அல்ல. மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுகளைத் திறந்தேன். அறுபத்துநான்கு தொட்டிகளின் பசியையும் வரைபடத்தில் ஒரே கோடாகச் சேர்த்தேன். அதன்மேல் பச்சையம்மாவின் பட்டை காட்டிய கோட்டை வைத்தேன். இரண்டு கோடுகள் என்று சொல்ல முடியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது.

புரிந்துகொள்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் மீன்களின் அதிர்வு மங்கலாகக் கேட்டது. பச்சையம்மாவின் உடல் தெளிவாகக் கேட்டது. மீனுக்குப் போட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். ஆகவே மீன்களுக்குத் தீனி விழும் ஒவ்வொரு வேளையும் அவர் வெறும் வயிற்றோடு இருந்தார். இயந்திரம் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெண்ணுக்குப் பசித்தால் மீனுக்குப் பசி. அவர் ஒழுங்காகச் சாப்பிட்டவரை கணக்கும் ஒழுங்காக இருந்தது. தன் பசியையே மீன்களின் பசியென்று கேட்டு, அதனால் சாப்பிடாமல் இருந்து, அதனால் இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்.

அன்றே சொல்லியிருக்கலாம். எழுந்து இருபதடி நடந்தால் போதும். ஆனால் பத்தாம் நாள் வேறு பதின்மூன்று பண்ணைக்காரர்கள் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்று வருட உழைப்பு. அது முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். குடுவைகளின் அளவை மட்டும் ரகசியமாகக் குறைத்தேன். மீன்கள் பிழைத்தன. ஒலியைக் குறைக்கவில்லை. வருகிறவர்களுக்கு அது நன்றாகக் கேட்கவேண்டும்.

அந்த நாட்களில் நான் அவரை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அவரும் அதிகம் பேசவில்லை. மத்தியானங்களில் இருபத்தேழாம் தொட்டியருகே நின்றுகொண்டிருப்பார். காலியான அந்தத் தண்ணீரில் ஒருநாள் ஒரு சிட்டிகை தூவியதையும் பார்த்தேன். குருணைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் மூச்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பண்ணைக்காரர்கள் வந்தார்கள். இயர்போனைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். ஒருவர் கண் கலங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் பச்சையம்மா இருபத்தேழாம் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார்.

ஸ்டெல்லாதான் ஓடிப்போய்த் தூக்கினார். முகத்தில் தண்ணீர் அடித்தார். "மூணு நாளா டீயும் தண்ணியும்தான் சார். சொன்னா கேக்குதா? பேய்கீய் அடிச்சிடுச்சான்னுகூட எனக்கு பயமா இருக்குது."

பச்சையம்மா கண்ணைத் திறந்தார். முதலில் கையைக் காதுக்குக் கொண்டுபோய் இயர்போன் இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. அதுக்கு முன்னாடி ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

"கேக்குது தம்பி."

"கேக்கட்டும். காதுலேர்ந்து எடுக்காதீங்க. இங்கயே உக்காந்து சாப்பிடுங்க. எனக்காக."

அவரைக் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார வைத்தோம். இன்னொரு இயர்போனை நான் மாட்டிக்கொண்டேன். ஸ்டெல்லா தன் டப்பாவைத் திறந்தார். சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

"திரும்பி உக்காருக்கா. சொந்தக்காரங்க பாக்கறாங்க" என்றார், பக்கத்துத் தொட்டி மீன்களைக் காட்டி.

முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார். இரண்டாவதில் நிறுத்தினார். நான் தலையசைத்தேன். மூன்றாவது. நான்காவது. நான் மழை என்று நினைத்துக்கொண்டிருந்த ஓசை மட்டும் கேட்டது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் காதில் ஒலி மெலியத் தொடங்கியது. நெடுநேரம் அழுத பிள்ளை தூக்கத்துக்குப் போவதுபோல இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு நின்றது.

பச்சையம்மா கையிலிருந்த சோற்றோடு தலையைத் தூக்கினார்.

"இன்னா பண்ண? தீனி போட்டியா?"

"இல்லக்கா."

"அடங்கிடுச்சே. இங்கதான் மீனே இல்லயே."

"கத்தினது மீன் இல்லக்கா. எப்பவும் மீன் இல்ல. அந்தப் பட்டை..." சொல்ல ஆரம்பித்தேன். கோடுகளைப் பற்றிச் சொன்னேன், சோப்புக் கை பற்றி, மங்கலான தண்ணீர் பற்றி. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மீண்டும் டப்பாவைப் பார்த்தார்.

"அப்ப நான் கேட்டது..." என்று நிறுத்தினார். "அவ்ளோ பசியாவா இருந்தேன் நான்?"

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மீனுன்னு நெனச்சித்தான் தாங்க முடியல தம்பி" என்றார் பச்சையம்மா. "என்னுதுன்னு தெரிஞ்சிருந்தா கம்முனு இருந்திருப்பேன்."

பிறகு, "இது உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "பதினோரு நாளைக்கு முன்னாடி" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிச்சச் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். பட்டையைக் கழற்றி இருபத்தேழாம் தொட்டியின் விளிம்பில் வைத்தார். அறுபத்துநான்கு தொட்டிகளும் ஊமையாயின. மீன்களுக்கு அப்போது பசித்ததா என்பது எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலையே நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வேலை போகும் என்று நினைத்தேன். மறுநாள் என் மேலாளர் வசுமதி தொலைபேசியில் அழைத்தார்.

"கதிரேசன், உங்க ரிப்போர்ட்டை மூணு தடவை படிச்சேன். அப்ப இது மீனோட பசியை அளக்கல. மனுஷங்க பசியை அளக்குது. அதுவும் இவ்வளவு துல்லியமா."

"ஆமா மேடம். அதுதான் தப்பு."

"இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

தணிகாசலம் குடுவைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் கையால் தீனி போட ஆள் வைத்தார். இரண்டு வருடம் கழித்துப் பண்ணையை மூடினார். இப்போது அங்கே கிடங்கு இருக்கிறது.

நிறுவனம் பசிமானியிலிருந்து தண்ணீர்க் கம்பியை நீக்கிவிட்டது. பட்டை மட்டும் விற்கிறது. ஆடைத் தொழிற்சாலை விடுதிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலையாட்களின் மணிக்கட்டில் அதைப் பார்க்கலாம். ஒலி வராது. எவ்வளவு குறைவாகச் சோறு போட்டால் கை நடுங்காமல் வேலை நடக்கும் என்பதைச் சமையலறைக்கு மட்டும் சொல்லும். அந்த எல்லைக்கோட்டுக்குப் புதிதாக எந்தச் சோதனையும் செய்யவில்லை. பத்தொன்பது வருடங்களாக வெறும் வயிற்றோடு, கை நடுங்காமல், சிட்டிகை அளவு தவறாமல் தீனி போட்ட ஒருவரின் மூன்று மாதப் பதிவு கைவசம் இருந்தது. அது போதும் என்று முடிவு செய்தார்கள். முடிவுத் தாளில் என் கையெழுத்தும் உண்டு.

வசுமதி இப்போது நிறுவனத்தின் தலைவர். நான் நான்கு வருடம் முன்பு விலகினேன். பள்ளி ஒன்றில் இயற்பியல் சொல்லித் தருகிறேன்.

ஸ்டெல்லா பொன்னேரிப் பக்கம் ஒரு பண்ணையில் பேக்கிங் பார்க்கிறார். பச்சையம்மாவுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெல்லாவிடமிருந்து அழைப்பு வரும். பச்சையம்மா என்னிடம் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. இப்போது அவர் முதலில் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மீன்களுக்குக் கரண்டியால் தீனி போடுகிறாராம். மீன்கள் நன்றாக இருக்கின்றனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை.